பந்தியில் விலக்கப்பட்ட கைகள்



சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் நடைபெற்ற அன்னதானத்தில் நான் நேரிற் கண்ட ஒரு காட்சியுடன் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். நிகழ்வை நடத்தியோரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எமது எந்த மண்டபத்திலும் அது நடந்திருக்கக்கூடும்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விடியற்காலையிலேயே வந்து, அரிசி மூட்டை சுமந்து, அண்டா கழுவி, அடுப்படியில் நின்றார். பந்தி தொடங்கியதும் சாம்பார் வாளியைத் தூக்கினார். முதல் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையாரின் பார்வை அவருடைய விரல்களில் விழுந்தது. நகங்களைச் சுற்றியும், விரல் மூட்டுகளிலும், உள்ளங்கையின் ஓரத்திலும் பூக்கோவாவைப் போல முளைத்திருந்த பாலுண்ணிகள். அம்மையார் இலையை மெல்ல இழுத்துக்கொண்டார். அருகில் நின்ற அமைப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். அமைப்பாளர் பண்பானவர். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, நீர் அங்காலை போய்த் தண்ணிப் போத்தலுகளை அடுக்கும், இதை வேறை ஆக்கள் பாப்பினம்" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது. வாளியை வைத்தார், இரு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டார், உண்ணாமலே வெளியேறினார்.

அவரை எனக்குத் தெரியும். எட்டு ஆண்டுகளாகக் கோழி இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்பவர். அந்தக் கைகள் அங்கு உழைத்ததால் அப்படி ஆனவை. அன்று அந்த மண்டபத்தில் ஒரு சோடி மெல்லிய கையுறையை அவரிடம் கொடுத்திருந்தால் சுகாதாரமும் காக்கப்பட்டிருக்கும், மனிதனின் மானமும் காக்கப்பட்டிருக்கும். கையுறைப் பெட்டி சமையற்கூடத்திலேயே இருந்தது. எவருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. தொழிற்சாலையில் கிடைக்காத நல்ல கையுறை, சொந்தச் சமூகத்திலும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இதைச் சிறு நிகழ்வு என்று கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது என்ன நோய்?

பாலுண்ணி என்றும் மரு என்றும் நாம் அழைப்பது தோலில் ஏற்படும் ஒரு வைரஸ் தொற்று. இதற்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி., ஒரே வைரஸ் அல்ல. 200க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட பெருங்குடும்பம். ஒவ்வொரு வகையும் உடலின் வெவ்வேறு இடத்தை விரும்பும். சில கையிலும் காலிலும் வரும். வேறு சில பிறப்புறுப்புப் பகுதிகளில் வரும். இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை அறியாமையால் எமது வீடுகளில் நேரும் துயரத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இறைச்சி வெட்டுவோரின் கைகளில் பாலுண்ணிகள் மிகுதியாக வருகின்றன என்பதை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக அறிந்திருக்கிறது. மருத்துவ நூல்களில் அதற்கு 'கசாப்புக்காரரின் பாலுண்ணி' என்றே பெயர். 1981ஆம் ஆண்டு பாரிஸ் பஸ்தேர் நிறுவனத்தின் ஜெரார்ட் ஓர்த், வார்சோவின் ஸ்ரெபானியா யப்லோன்ஸ்கா ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் இப்பாலுண்ணிகளை ஆராய்ந்து, அவற்றில் தனியொரு வகை வைரஸ் இருப்பதைக் காட்டினர். அதுவே எச்.பி.வி. 7. பொதுமக்களின் கைகளில் மிக அரிதாகவே காணப்படும் இவ்வகை, இறைச்சித் தொழிலாளரின் கைகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. இதனுடன், எல்லோருக்கும் வரும் சாதாரண வகையான எச்.பி.வி. 2 உம் அவர்களிடம் நிறைய உண்டு.

பெயரைக் கேட்டவுடன் பலர் நினைப்பது, இது மாட்டிலிருந்தோ ஆட்டிலிருந்தோ கோழியிலிருந்தோ தொற்றியது என்றுதான். அது தவறு. மாடுகளுக்கும் பாப்பிலோமா வைரஸ் உண்டு. ஆனால் அது மாட்டுக்குரியது. தொழிலாளரின் பாலுண்ணிகளில் காணப்பட்டவை மனித வைரஸ்களே. அவை மனிதரிடமிருந்து மனிதருக்கே செல்கின்றன. அப்படியானால் இறைச்சித் தொழிலில் இருப்போருக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

விடை அந்த வேலையின் தன்மையில் இருக்கிறது. குளிரூட்டப்பட்ட கூடம். நாள் முழுவதும் நீரிலும் இறைச்சிச் சாற்றிலும் ஊறும் கைகள். ஊறிய தோல் மென்மையாகி அதன் காப்பு குலைகிறது. கத்தியும் எலும்புச் சில்லும் ஒவ்வொரு நாளும் சிறு சிறு கீறல்களை இடுகின்றன. வைரஸ் நுழைய அந்தக் கீறலே போதும். ஒருவர் கழற்றிய கையுறையை அடுத்த நேரமாற்றில் இன்னொருவர் அணிகிறார். ஒரே துவாயிற் பலர் கை துடைக்கிறார்கள். பாப்பிலோமா வைரஸ் எளிதிற் சாகாதது. உலர்ந்த பொருளிலும் நெடுநேரம் நிலைத்திருக்கக்கூடியது. இரும்பு வலைக் கையுறை கத்தி வெட்டைத் தடுக்கும், நீரைத் தடுக்காது. உள்ளே நீர் புகாத கையுறை அணியாவிட்டால் அந்த இரும்பு வலைக்குள் கை ஊறிக்கொண்டேயிருக்கும்.

தொற்று ஏற்பட்டுப் பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் கழித்தே பாலுண்ணி வெளியே தெரியும். அதனால் எந்த நாளில், எவருடைய கையுறையிலிருந்து வந்தது என்று ஒருவராலும் சொல்லமுடியாது. தொழிற்சாலைகளுக்கு இது எவ்வளவு வசதி என்பதை எண்ணிப் பாருங்கள்.

அங்கு நிற்போர் யார்?

அவுஸ்திரேலியாவின் இறைச்சித் தொழில் வெளிநாட்டிலிருந்து வந்தோரின் கைகளில் இயங்குகிறது. இந்நாட்டிற் பிறந்தோர் விரும்பாத குளிரும் ஈரமும் நாற்றமும் நிறைந்த வேலை அது. படகில் வந்த எம்மவர் பலரும் அங்கேதான் சென்று சேர்ந்தனர். ஆங்கிலம் குறைவாயினும் சேர்த்துக்கொள்வார்கள். தாயகத்துக் கல்விச் சான்றிதழை எவரும் கேட்பதில்லை.

இதில் அரசின் கையும் இருந்தது. 2014 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் 'ஷெவ்' எனப்படும் ஐந்தாண்டுத் தற்காலிக வீசா உருவாக்கப்பட்டது. அதை வைத்திருப்போர் பிராந்தியப் பகுதிகளில் 42 மாதங்கள் அரச உதவிப்பணம் பெறாமல் வேலை செய்தால் அல்லது படித்தால், வேறு வீசாக்களுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு உண்டு என்றார்கள். பிராந்திய நகரங்களில் உடனே கிடைக்கும் வேலை எது? பண்ணையும் இறைச்சித் தொழிற்சாலையும்தான். 2023 பெப்ரவரியில் அந்தத் தற்காலிக வீசாக்களை வைத்திருந்தோர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வழி திறக்கப்பட்டது. ஆயினும் விரைவு நடைமுறையில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டோருக்கு அந்த வழி திறக்கப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் இணைப்பு வீசாவில் வாழ்ந்தபடி கத்தி பிடித்து நின்றோரும் அவர்களுள் உண்டு.

பிலோலா குடும்பத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நடேஸ், பிரியா, அவர்களுடைய இரு பெண்பிள்ளைகள். 2018 மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலையில் குவின்ஸ்லாந்தின் அந்தச் சிறு நகரிலிருந்து அவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். மெல்பேர்ண் தடுப்பு நிலையம், நடுவானில் வந்த நீதிமன்றத் தடையுத்தரவு, கிறிஸ்மஸ் தீவு, பேர்த் மருத்துவமனை என்று நான்கு ஆண்டுகள் அலைக்கழிக்கப்பட்டு, 2022 ஜூனில் ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் நிரந்தர வீசா கிடைத்தது. அவர்களை மீட்கப் போராடியதில் முன்னின்றது அந்த ஊர் மக்கள். நடேஸ் அங்கு என்ன வேலை செய்தார்? அவ்வூர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஊராருக்கு அவர் உடன் உழைத்த தொழிலாளி. அவருடைய கைகளுக்கு எந்த நோயும் வந்ததாக நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. அக்குடும்பத்தின் படத்தை ஏந்தி சிட்னியிலும் மெல்பேர்ணிலும் ஊர்வலம் சென்ற எங்களில் எத்தனை பேர், அதேபோன்ற தொழிற்சாலைகளில் நிற்கும் எம்மவரின் வேலை நிலைமை என்னவென்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோம்?

நிலைமையின் ஒரு பகுதி அரச ஆவணத்திலேயே உள்ளது. 2015 ஜூனில் ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன், நியூ சவுத் வேல்ஸில் பயாடா கோழி நிறுவனத்தின் தொழிற்சாலைகள் பற்றிய விசாரணை அறிக்கையை வெளியிட்டார். ஒப்பந்தக்காரருக்குக் கீழ் ஒப்பந்தக்காரர் என்று பல படிகள். வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் குறைந்த கூலி, நீண்ட நேர வேலை, நெரிசலான வீடுகளுக்கு மிகை வாடகை. உழைப்பவனுக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் இத்தனை படிகள் இருந்தால், அவன் கையில் வந்த நோயைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வான்? தொழிற்சாலை ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் வாசலைக் காட்டுவார்.

"கையைக் கழுவு" என்னும் விடை

பாலுண்ணியைக் காட்டிய எம்மவர் பலருக்கு மேற்பார்வையாளரிடமிருந்து கிடைத்த விடை ஒன்றே: கையை நன்றாகக் கழுவு, வீட்டில் சுத்தமாக இரு. இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? நாள் முழுவதும் நீருக்குள் கை வைத்திருப்பவனுக்கு நோய் வந்ததே அந்த நீரால் தோல் ஊறியதனால்தான். அவனைப் பார்த்து இன்னும் கழுவு என்பது எந்த வைத்தியம்? நோயைத் தொழிலாளியின் அழுக்காக மாற்றிவிட்டால் கையுறை வாங்கும் செலவு மிச்சம். அவ்வளவுதான் இதன் உட்பொருள்.

இதே தொழிலில் வேறொரு நோய்க்கு நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1935இல் பிரிஸ்பேன் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே காரணம் தெரியாத காய்ச்சல் பரவியது. எட்வேர்ட் டெரிக் என்னும் வைத்தியர் அதை ஆராய்ந்து, கேள்விக்குறியாய் நின்ற காய்ச்சல் என்னும் பொருளில் 'கியூ காய்ச்சல்' என்று பெயரிட்டார். அதற்கு அவுஸ்திரேலியாவிலேயே தடுப்பூசி உருவாகி 1989இல் அனுமதி பெற்றது. 2000களின் தொடக்கத்தில் அரசு பணம் ஒதுக்கித் தொழிலாளருக்கு அதைப் போட்டது. இன்று தொழிற்சாலைகள் அந்த ஊசி போடாதவரைக் கொலைக்கூடத்தினுள் விடத் தயங்குகின்றன. நல்ல செயல், பாராட்டுவோம். ஆனால் ஏன் நடந்தது? அக்காய்ச்சல் தொழிலாளியைப் படுக்கையில் வீழ்த்தியது. சிலருடைய இதயத்தையும் தாக்கியது. வேலை நின்றது, இழப்பீட்டுச் செலவு வந்தது. ஆகவே எண்ணினார்கள், எழுதினார்கள், தடுத்தார்கள்.

பாலுண்ணி எவரையும் வீழ்த்துவதில்லை. பாலுண்ணி உள்ளவன் நாளையும் வேலைக்கு வருவான். கத்தியின் பிடி அழுத்தும்போது வலிக்கும், நகவோரம் வெடித்து இரத்தம் கசியும், இருந்தாலும் வருவான். ஆகவே எவரும் எண்ணுவதில்லை. எண்ணாததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் 'எங்கள் தொழிற்சாலையில் அப்படியொன்றும் இல்லை' என்று சொல்லமுடிகிறது.

எம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வி

தொழிற்சாலையைக் கண்டிப்பது எளிது. அந்த அன்னதானப் பந்தியில் அமர்ந்திருந்தோர் தொழிற்சாலை முதலாளிகள் அல்லர். நாம்.

வெளிப்படையாகப் பேசுவோம். அந்த அம்மையார் இலையை இழுத்தது தொற்றுக்கு அஞ்சி மட்டும்தானா? இறைச்சி வெட்டும் தொழிலை இழிவாக எண்ணப் பழக்கிய ஒரு சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். சாதியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று மேடையில் பேசுகிறோம். ஆனால் 'என்ன வேலை?' என்னும் கேள்விக்கு 'இறைச்சிக் கொம்பனி' என்று விடை வந்தவுடன் எமது முகத்தில் ஏற்படும் மாற்றம் எங்கிருந்து வருகிறது? அந்த முகமாற்றத்தை அறிந்தவர்கள் என்பதாலேயே எம்மவர் பலர் 'கொம்பனியில் வேலை' என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார்கள். சொந்தப் பிள்ளைகளிடமும் அவ்வளவுதான் சொல்கிறார்கள்.

அந்தக் கைகள் அனுப்பிய பணத்தில் தாயகத்தில் தங்கையின் திருமணம் நடந்தது. அந்தக் கைகள் எழுதிய காசோலையை எமது சங்கங்கள் மறுத்ததில்லை. கோயில் திருப்பணிப் புத்தகத்தில் அந்தப் பெயர் உண்டு. பணத்துக்கு வராத தீட்டு, சாம்பார் வாளிக்கு மட்டும் எப்படி வந்தது?

வெட்கம் வைத்தியத்தையும் கெடுக்கிறது. வைத்தியரிடம் காட்டக் கூசி, சுண்ணாம்பு வைத்துத் தோலைப் புண்ணாக்கியவர்கள் உண்டு. எருக்கம்பால் தேடியவர்கள் உண்டு. சவரக் கத்தியால் சீவி, ஒன்றைப் பத்தாக்கிக்கொண்டவர்கள் உண்டு. சீவிய கத்தியும் கசிந்த இரத்தமும் வைரஸைப் பக்கத்துத் தோலுக்குக் கொண்டு செல்லும் என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்ளும் தாயின் நம்பிக்கையை நான் பழிக்கமாட்டேன். நேர்த்தியும் இருக்கட்டும், சலிசிலிக் அமிலமும் இருக்கட்டும்.

"எச்.பி.வி." என்னும் சொல் செய்யும் கேடு

வைத்திய நிலையத்தில் தந்தைக்கு மொழிபெயர்க்கப் பதினைந்து வயது மகள் செல்கிறாள். வைத்தியர் 'மனிதப் பாப்பிலோமா வைரஸ்' என்கிறார். மகள் வீட்டுக்கு வந்து கணினியிற் தேடுகிறாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், பாலுறவால் பரவும் நோய் என்று பக்கம் பக்கமாக வருகிறது. அவள் தாயிடம் சொல்கிறாள், அல்லது சொல்லாமல் தனக்குள் வைத்துக்கொள்கிறாள். அந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தந்தையின் நிலை என்ன? நான் அறிந்த ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் பேசாதிருந்தார்கள். கையில் வந்த ஒரு பாலுண்ணி, ஒழுக்கத்தின்மேல் வந்த சந்தேகமாக மாறியது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். கையில் பாலுண்ணியை உண்டாக்கும் 2, 7 போன்ற வகைகள் வேறு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் 16, 18 ஆகிய வகைகள் வேறு. கையிலுள்ள சாதாரணப் பாலுண்ணி பாலுறவால் வந்ததும் அல்ல, நல்ல உடல்நிலை உள்ளவரிடம் புற்றுநோயாக மாறுவதும் அல்ல.

இதன் மறுபக்கத்தையும் பெற்றோர் கவனிக்கவேண்டும். பாடசாலையில் 12, 13 வயதில் இலவசமாகப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியை 'எங்கடை பிள்ளைக்கு இது ஏன்?' என்று மறுக்கும் பெற்றோர் எம்மிடையே உள்ளனர். அத்தடுப்பூசியின் அடிப்படை ஆய்வைச் செய்தவர்கள் பிரிஸ்பேனில் குவின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் இயன் பிரேசரும் ஜியான் சோவும். 2007இல் பெண்பிள்ளைகளுக்கும் 2013இல் ஆண்பிள்ளைகளுக்கும் இந்நாட்டில் அது தேசியத் திட்டமாயிற்று. 2023 முதல் பெரும்பாலானோருக்கு ஒரே ஊசி போதும். அது புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. வெட்கத்தை விட்டுக் கையொப்பம் இடுங்கள். அதேவேளை, அந்த ஊசி 2, 7 ஆகிய வகைகளுக்காக உருவாக்கப்பட்டதல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தொழிலாளியின் கைக்கு ஊசி இல்லை. அவனுக்குள்ள தடுப்பு, உலர்ந்த தோலும் நல்ல கையுறையும்தான்.

தந்தையின் கையைப் பிடிக்கப் பிள்ளைகள் அஞ்சவேண்டுமா? 1998இல் வெளியான விக்டோரிய மாநில ஆய்வொன்றில் பாடசாலை மாணவரில் நூற்றுக்கு 22 பேருக்கு ஏதோவொரு வகைப் பாலுண்ணி இருந்தது. அந்த மாணவர் எவரும் இறைச்சி வெட்டப் போகவில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பிலேயே உள்ள ஒன்றுக்காக ஒரு தந்தையை ஒதுக்குவது அறியாமை. துவாயையும் நகவெட்டியையும் தனியாக வையுங்கள், போதும்.

"இது ஒரு பெரிய விடயமா?"

இரண்டு எதிர்வாதங்களை எதிர்பார்க்கிறேன். முதலாவது, எமது மக்களுக்கு எத்தனையோ பெருந்துயர் இருக்கப் பாலுண்ணிக்கு ஒரு கட்டுரையா என்பது. 2010இல் மெல்பேர்ணின் லாவர்ட்டன் நோர்த்தில், கோழித் தொழிற்சாலையொன்றில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் அகப்பட்டு இறந்தார். அதுவல்லவா பெரிய விடயம்? ஆம். ஆனால் தொழிலாளியின் கீறலையும் கையுறையையும் கவனிக்கும் தொழிற்சாலை, இயந்திரத்தின் காப்புமூடியையும் கவனிக்கும். ஒரு கையுறைக்காக வாய் திறக்க முடியாதவன், ஆபத்தான இயந்திரத்துக்கு எதிராக எப்படி வாய் திறப்பான்?

இரண்டாவது வாதம் கனமானது. "பேசினால் அவர்களுக்கு வேலை போய்விடும். வீசா இல்லாதவன் என்ன செய்வான்?" இந்த அச்சத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. மெடிகெயார் அட்டையே இல்லாத எம்மவர் உண்டு. ஆகவேதான் தனியொருவரைப் பேசச் சொல்வதற்குப் பதிலாக, சமூகமாக நாம் பேசவேண்டும் என்கிறேன். சட்டமும் முன்பு இருந்தது போல் இல்லை. வீசா நிலையைக் காட்டித் தொழிலாளியை மிரட்டிப் பணியவைப்பது 2024 ஜூலை முதல் தண்டனைக்குரிய குற்றம். வீசா எதுவாயினும் வேலையிடத்தில் பாதுகாப்பாக இருக்கும் உரிமை ஒன்றே.

செய்யவேண்டியவை

தொழிலாளராகிய உறவுகளுக்கு:

1. உள்ளே நீர் புகாத கையுறை, அதற்குமேல் வெட்டுத் தடுக்கும் கையுறை கேளுங்கள். பிறர் அணிந்ததை அணியாதீர்கள். கிழிந்தால் உடனே மாற்றுங்கள். நியூ சவுத் வேல்ஸின் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புப் பொருட்களுக்காக உங்களிடம் பணம் அறவிட முடியாது.

2. கீறலை நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடுங்கள். இடைவேளையில் கையை முற்றாக உலர்த்துங்கள்.

3. பாலுண்ணியைச் சீவாதீர்கள், கடிக்காதீர்கள். மருந்தகத்தில் கிடைக்கும் சலிசிலிக் அமிலத்தை வாரக்கணக்கிற் பொறுமையாகப் பூசவேண்டும். குணமாகாவிட்டால் வைத்தியர் திரவ நைதரசனால் உறையவைப்பார். ஈர வேலை தொடரும்வரை அது திரும்பியும் வரலாம்.

4. கையில் வரும் எல்லாம் பாலுண்ணி அல்ல. ஆடு வெட்டுவோருக்கு 'ஓர்வ்' என்னும் வேறு வைரஸ் கட்டி வரும். விரைவாக வளர்வது, நிறம் மாறுவது, ஆறாத புண் எதுவாயினும் வைத்தியரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களும், உறுப்பு மாற்று மருந்து எடுப்பவர்களும் தாமதிக்க வேண்டாம்.

5. தொழிற்சாலையின் காயப் பதிவேட்டில் எழுதுவியுங்கள். தொலைபேசியிற் படமும் திகதியும் வைத்திருங்கள். விக்டோரியாவில் அறிந்த 30 நாட்களுக்குள் முதலாளிக்கு அறிவிக்கவேண்டும். அங்கு 2019 முதல் ஆட்சேர்ப்பு நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம். உங்கள் ஒப்பந்தக்காரருக்கு அது உண்டா என்று பொதுப் பதிவேட்டிற் பார்க்கலாம். இறைச்சித் தொழில் ஊழியர் சங்கத்திற் சேருங்கள்.

இளையோருக்கு: பெற்றோரின் அந்தரங்க நோயை மொழிபெயர்க்கும் சுமை உங்களுடையதல்ல. 131 450 என்னும் இலக்கத்தில் அரச மொழிபெயர்ப்புச் சேவை உண்டு, தமிழிலும் கிடைக்கும். அதைப் பெற்றுக்கொடுங்கள். ஆங்கிலமும் சட்டமும் மருத்துவமும் கற்ற நீங்கள் ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதுங்கள். படங்களுடன் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, உங்கள் தந்தை, மாமன், சித்தப்பா எந்த வேலையில் நின்று உங்களைப் படிக்கவைத்தார் என்று ஒருநாள் அமர்ந்து கேளுங்கள்.

எம்மிடையே உள்ள வைத்தியர்களுக்கு: சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தமிழ் வைத்தியர் பலர் இருக்கிறீர்கள். ஆண்டு விழாக்களில் உங்களுக்கு மாலை போடுகிறோம். ஆண்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இத்தொழிலாளரின் கைகளைப் பார்க்கக் கொடுங்கள். பார்ப்பவற்றைப் பெயரின்றி எண்ணிக்கையாகப் பதிவுசெய்யுங்கள். எவரும் எண்ணவில்லை என்று மேலே எழுதினேன். அந்த எண்ணிக்கையை நீங்கள் தொடங்கிவைக்கலாம்.

கோயில்களுக்கும் சங்கங்களுக்கும்: பந்தி பரிமாறும் எல்லோருக்கும் கையுறை கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது முத்திரை குத்துவதாகும். எல்லோருக்கும் கொடுத்தால் அது ஒழுங்கு.

அன்று வெளியேறிய அந்த அன்பரை இரு வாரங்களின்பின் சந்தித்தேன். கோபம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. "அவை பயப்படுறதும் நியாயம்தானே அண்ணை" என்றார். அதைச் சொல்லும்போதும் கைகள் பைக்குள்ளேயே இருந்தன. அவருக்கு மகன் ஒருவன் உண்டு, பத்தாம் வகுப்புப் படிக்கிறான். தந்தை ஏன் எந்நேரமும் கையைப் பைக்குள் வைத்திருக்கிறார் என்று அவன் இன்னும் கேட்கவில்லையாம்.

அடுத்த அன்னதானத்துக்கு அவரை அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறேன். கையுறைப் பெட்டியை நான் கொண்டுவருவேன். பந்தியில் அமரப்போகிறவர்கள் நீங்கள். அவர் வாளியுடன் வரும்போது இலையை இழுக்காதிருங்கள்.